மெஷர், அசெஸ், எவால்யுவேட், எஸ்டிமேட்: எதை எங்கே எழுதுவது?

லேத்_பட்டறை:

வணக்கம். சின்ன மெஷினிங் யூனிட் ஒன்றில் குவாலிட்டி பார்க்கிறேன். ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மை ஸ்டாண்டர்டின் ஆடிட்டுக்காக வேலைமுறைகளையெல்லாம் ஆங்கிலத்தில் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய ஃபைலில் எதற்கெடுத்தாலும் 'செக்'தான். மைக்ரோமீட்டரில் விட்டம் எடுப்பதும் செக், பிளக் கேஜை ஓட்டைக்குள் விட்டுப் பார்ப்பதும் செக், வருஷக் கடைசியில் சப்ளையர் எப்படி என்று பார்ப்பதும் செக். ஸ்டாண்டர்டைப் பிரித்தால் மெஷர், மானிட்டர், வெரிஃபை, காலிபிரேட், எவால்யுவேட் என்று தனித்தனியாக வருகிறது. அகராதியோ அசெஸ் என்றால் எவால்யுவேட் என்கிறது, எவால்யுவேட் என்றால் அசெஸ் என்கிறது. வேலையில் நீங்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

ஸ்லிப்கேஜ்:

நான் காலிபிரேஷன் லேபில் இருக்கிறேன். எண் கிடைத்தால்தான் மெஷர், இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், பாதி குழப்பம் போய்விடும். 25 எச்7 ஓட்டையை எடுத்துக்கொள்வோம், எச்7 என்பது எவ்வளவு கூடலாம் என்ற வரம்பின் குறியீடு, அதாவது 25.000 முதல் 25.021 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். பிளக் கேஜின் கோ முனை, அதாவது சிறிய அளவு முனை நுழைந்தது, நோ கோ என்ற பெரிய அளவு முனை நுழையவில்லை என்றால் ஓட்டை சரி. ஆனால் அது 25.004ஆ 25.018ஆ என்று உங்களுக்குத் தெரியாது. அங்கே மெஷர் என்று எழுதிவைத்தால், ரீடிங் எங்கே என்று ஆடிட்டர் கேட்பார், காட்ட ஒன்றும் இருக்காது. அந்த இடத்துக்கு உங்கள் பழைய செக்தான் சரியான சொல், மாற்றாதீர்கள்.

அடுத்தது காலிபிரேட். கருவியைத் திருகிச் சரிசெய்வதுதான் காலிபிரேஷன் என்று பட்டறையில் பலர் நினைக்கிறார்கள், அதற்குப் பெயர் அட்ஜஸ்ட். மைக்ரோமீட்டரில் ஸ்லிப் கேஜை, அதாவது துல்லியமான அளவு தெரிந்த கட்டையை வைத்து, உண்மையான அளவுக்கும் இது காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம், அந்த வித்தியாசத்தையே எவ்வளவு நம்பலாம் என்று எழுதித் தருவதோடு காலிபிரேஷன் முடிந்தது. 0.003 மில்லிமீட்டர் அதிகமாகக் காட்டுகிறது என்று சர்டிஃபிகேட்டில் இருந்தால், அந்த 0.003 உங்கள் வேலைக்குத் தாங்குமா என்று உங்கள் வரம்போடு ஒப்பிட்டு முடிவெடுப்பது வெரிஃபை. 9001இன் 7.1.5.2 பிரிவு 'காலிபிரேட் அல்லது வெரிஃபை, அல்லது இரண்டும்' என்று பிரித்துச் சொல்வது இதனால்தான். அட்ஜஸ்ட் செய்தால் திரும்பவும் காலிபிரேட் செய்யவேண்டும், அதையும் எழுதிவிடுங்கள்.

வார்டு_டூட்டி:

நான் இங்கிலாந்தில் நர்ஸ், உங்கள் துறை இல்லை, ஆனாலும் இந்தச் சொற்களோடுதான் என் நாள் ஓடுகிறது. வலியை நோயாளி ரேட் செய்கிறார், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்வார். அந்த எண்ணோடு அவர் முகம், படுத்திருக்கும் விதம், எங்கே வலி, எப்போதிலிருந்து என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நாங்கள் அசெஸ் செய்கிறோம். மருந்து கொடுத்தபின் பலன் இருந்ததா என்று பார்ப்பது எவால்யுவேட். நர்சிங் பாடத்திலேயே அசெஸ்மெண்ட் முதல் படி, எவால்யுவேஷன் கடைசிப் படி.

எஸ்டிமேட்டுக்கும் மெஷருக்கும் உள்ள தூரத்தைப் பிரசவ அறையில் பார்க்கவேண்டும். ரத்தப்போக்கைக் கண்ணால் பார்த்து இத்தனை மில்லி என்று சொல்வது எஸ்டிமேட். ரத்தம் நிறையப் போகும்போது கண் குறைத்துத்தான் சொல்லும். அதனால் நனைந்த துணி, பேட் எல்லாவற்றையும் தராசில் போட்டு, உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கு வைப்போம், அது மெஷர். சார்ட்டில் எது எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்து வருபவர் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்வார். எஸ்டிமேட் செய்ததை மெஷர் என்று எழுதுவது ஆபத்து, எங்கள் வேலையில் உயிருக்கே ஆபத்து.

லேத்_பட்டறை:

ரொம்ப நன்றி அக்கா, ஸ்லிப்கேஜ் சாருக்கும். அப்போ சப்ளையருக்கு எது? ரிஸ்க்குக்கு எது?

பழைய_ஆடிட்டர்:

சப்ளையருக்கு எவால்யுவேட். 8.4.1 பிரிவில் அந்தச் சொல்தான் இருக்கிறது, கூடவே எந்த அளவுகோலை வைத்து என்பதையும் கேட்கிறது. சரியான நேரத்தில் வந்ததா, ரிஜெக்‌ஷன் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்த அளவுகோல் இல்லாமல் 'எவால்யுவேட்டட், குட்' என்று ஒரு வரி போட்டால் நான் விடமாட்டேன், யாரும் விடக்கூடாது. ரிஸ்க்குக்கு அசெஸ். ரிஸ்க்கைக் கையாள்வதற்கான ஐஎஸ்ஓ 31000 ஸ்டாண்டர்ட் இதை அழகாகப் பிரிக்கிறது. எந்த ஆபத்து என்று கண்டுபிடிப்பது, அது எவ்வளவு பெரிது என்று ஆராய்வது, தாங்கக்கூடியதா என்று அளவுகோலோடு ஒப்பிடுவது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அசெஸ்மெண்ட். மூன்றாவதுக்கு மட்டும்தான் அங்கே எவால்யுவேஷன் என்று பெயர். நர்ஸம்மா சொன்னதிலிருந்து இது கொஞ்சம் மாறுகிறது, துறைக்குத் துறை அப்படித்தான், உங்கள் ஸ்டாண்டர்டில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இலக்கணம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன், நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுவது. 'தி ஷாஃப்ட் இஸ் மெஷரிங் 25 மில்லிமீட்டர்' என்று எழுதாதீர்கள். ஷாஃப்ட்டின் அளவைச் சொல்லும்போது 'தி ஷாஃப்ட் மெஷர்ஸ் 25'. ஆபரேட்டர் இப்போது அளந்துகொண்டிருக்கிறார் என்றால் மட்டும் 'ஹி இஸ் மெஷரிங் தி ஷாஃப்ட்'. எடையைச் சொல்லும் 'வே' (weigh) என்ற வினைக்கும் இதே கதைதான். கேஜ் என்பதை வினையாகப் போடவே வேண்டாம், ஆபீஸ் ஆங்கிலத்தில் அது ஒருவரின் மனநிலையை ஊகிப்பது போன்ற இடங்களில் வருகிறது. 'செக் வித் எ பிளக் கேஜ்' என்று எழுதினால் போதும்.

லேத்_பட்டறை:

சரி சார். பிளக் கேஜ் வருகிற இடத்திலெல்லாம் செக்கை அப்படியே விட்டுவிடுகிறேன். சப்ளையர் பக்கத்துக்கு அளவுகோல் பட்டியல் ஒன்று தயார் செய்கிறேன், முடிந்ததும் இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.