'ஃபாலோயிங்' கொரியப் படம் பார்த்தவர்கள்: எந்த இடம் இன்னும் உங்களை விடவில்லை?

மாடிவீட்டு மீனா:
2024 மே மாதம் அங்கே வெளியான படம், நான் போன வாரம்தான் பார்த்தேன். கதை ஒரு வரியில்: வாடிக்கையாளர்கள் கொடுத்துவைத்த சாவியால் ஆள் இல்லாத வீடுகளுக்குள் நுழையும் வீட்டுத் தரகர் கு ஜோங்தே, சமூக ஊடகப் பிரபலமான ஹான் சோராவைப் பின்தொடர்கிறான், ஒரு நாள் அவள் வீட்டில் அவள் பிணத்தைப் பார்க்கிறான். எனக்கு அந்த 24 மணி நேரக் கடைதான். சோரா சாசேஜைக் கடித்துக்கொண்டே சாலட் படத்தைப் பதிவேற்றுகிறாள். ஜோங்தே அதை எட்டிப் பார்க்கிறான். "மாட்டிக்கிட்டா பாரு" என்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அவனோடு சேர்ந்து நானும் ஒரு பெண்ணின் போனைப் படித்துக்கொண்டிருந்தேன். பார்க்கத்தானே செய்கிறேன், கெடுதல் எதுவும் இல்லையே என்று அவன் நம்மிடமே விளக்கம் சொல்லும் குரல் அவ்வளவு இதமாக இருக்கிறது. அவனாக நடித்த பியோன் யோஹான் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சுவோன்வாசி:
நான் இங்கே தென் கொரியாவின் சுவோன் நகரில் ஒற்றை அறை வீட்டில் இருப்பவள். சாவி கிடையாது, எண் பூட்டுதான். போன குளிர்காலத்தில் வீட்டைக் காலி செய்யப்போகிறேன் என்றதும் தரகர் கதவு எண்ணைக் கேட்டார். ஆள் இல்லாதபோது வந்து வீட்டைக் காட்ட வேண்டுமே, கொடுத்தேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் குளியலறைச் செருப்பு திரும்பிக் கிடக்கிறது. நான் எப்போதும் முனை உள்பக்கம் இருக்கும்படிதான் விடுவேன். எதுவும் காணாமல் போகவில்லை. வீடு பார்க்க வந்தவர் யாரோ மாட்டியிருப்பார் என்று விட்டுவிட்டேன். படத்தில் அவன் உள்ளே போய், பழுதானதைச் சரிசெய்துவிட்டு, இல்லாமல் போனாலும் தெரியாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வருவான் இல்லையா? அங்கே படத்தை நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரியாமல் என்னிடம் எது குறைந்திருக்கும்? இப்போதும் கதவைத் திறந்ததும் செருப்பைத்தான் பார்க்கிறேன்.

கண்ணன்_72:
மீனா, 'இதமான குரல்' என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் நிமிடத்திலிருந்தே அவன் குற்றவாளி. அடுத்தவர் வீட்டில் நுழைவது அங்கேயும் குற்றம்தான். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவர்களுக்கு எதிரான தனிச் சட்டமும் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எனக்கு அவன் அவளைக் கவனிக்கத் தொடங்கிய 152ஆம் நாள், சோபாவில் சோரா பிணமாகக் கிடப்பது, அவ்வளவுதான். சுவோன் தங்கைக்குச் சொல்கிறேன், உடனே எண்ணை மாற்றுங்கள். பிறந்த நாள் வேண்டாம். எண் அழுத்தும் பரப்பைத் துணியால் துடைத்துவிடுங்கள், விரல் தடம் நான்கு எண்ணையும் காட்டிக்கொடுக்கும். பல பூட்டுகளில் உண்மையான எண்ணுக்கு முன்னால் வேறு எண்களைச் சேர்த்து அழுத்தலாம், பின்னால் நிற்பவனுக்குக் குழம்பிவிடும். கதவின் பார்வைத் துளைக்கு உள்பக்கம் ஒரு மூடி போடுங்கள். தரகர் யாராக இருந்தாலும் நீங்கள் இருக்கும் நேரத்தில் மட்டும் வரச் சொல்லுங்கள். இரண்டு நாள் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

சுவோன்வாசி:
அண்ணா, நன்றி. அந்த வீட்டை விட்டு வந்து ஐந்து மாதம் ஆகிறது. புது வீட்டிலும் செருப்பைப் பார்க்கிறேன், அதைத்தான் சொல்ல வந்தேன்.

பாரதி ரசிகை:
கண்ணன் சார், குற்றவாளி என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவன் தப்பிக்க வேண்டும் என்று மனம் பதறுகிறதே, மீனா அதைத்தான் எழுதியிருக்கிறார். இயக்குநர் கிம் செஹ்விக்கு இது முதல் படம் என்பதை நம்பவே முடியவில்லை. பிணத்தைப் பார்த்துவிட்டான், போலீசுக்குச் சொல்ல முடியாது, சொன்னால் உள்ளே எப்படிப் போனாய் என்று கேட்பார்கள். அதனால் வீடு பார்க்க வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறான், அவர்கள் கண்ணில் படட்டும் என்று. கதவு திறக்கிறது, சோபாவில் எதுவுமே இல்லை. என் பக்கத்தில் இருந்த அம்மா "அப்பாடா" என்றார். யாருக்காக அந்த அப்பாடா என்று அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.