நாய் மருந்துக் கம்பெனி மீது பங்குதாரர்கள் வழக்கு: ஜெயித்தால் யார் பணம் யாருக்குப் போகிறது?

மணியப்பா, டெக்சாஸ்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நாய் மணிக்கு 12 வயது, பின்னங்காலில் மூட்டு வலி, டாக்டர் டிராமடால் எழுதியிருக்கிறார். வாழைப்பழத்துக்குள் புதைத்துக் கொடுத்தாலும் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் தரையில் துப்பிவிடுவான். ஆன்லைனில் வேறு வடிவத்தில் கிடைக்குமா என்று தேடும்போது, செல்லப்பிராணி மருந்துகளை ஆன்லைனில் விற்கும் பெட்மெட் எக்ஸ்பிரஸ் மீது 2017இல் பங்குதாரர்கள் போட்ட மோசடி வழக்கு பற்றிக் கண்ணில் பட்டது. எனக்குப் புரியாதது ஒன்றுதான். பங்கு வைத்திருப்பவர்தானே கம்பெனிக்குச் சொந்தக்காரர்? தன் கம்பெனி மீதே வழக்குப் போட்டு ஜெயித்தால், இந்தப் பையில் எடுத்து அந்தப் பையில் போட்ட கதைதானே?

ராஜி, நியூஜெர்சி:
அண்ணா, பாதி உண்மை. நஷ்டஈடு கேட்பவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் அதிக விலைக்கு வாங்கி, விலை விழுந்தபோது கையைச் சுட்டுக்கொண்டவர்கள். கொடுப்பது கம்பெனி, அதாவது இன்றைக்குப் பங்கு வைத்திருப்பவர்கள். ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் இயக்குநர்களுக்காக எடுத்து வைத்த காப்பீட்டிலிருந்துதான் பணம் வரும், நிர்வாகிகள் சொந்தக் காசை எடுத்து வைப்பது அபூர்வம். எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான்.

இந்த வழக்கின் கதை: 2017 ஆகஸ்டில் ஆரேலியஸ் வேல்யூ என்ற ஷார்ட் செல்லர், அதாவது பங்கு விலை விழும் என்று பந்தயம் கட்டுபவர்கள், ஒரு அறிக்கை விட்டார்கள். போதைக்காக வலி மாத்திரை தேடும் மனிதர்களைக் குறிவைத்து இந்தக் கம்பெனி இணைய விளம்பரம் செய்கிறது என்பது குற்றச்சாட்டு. உங்கள் மணி சாப்பிடும் அதே டிராமடால்தான், மனிதர்களுக்கும் கொடுப்பது, அமெரிக்காவில் 2014இல் போதைக்குத் தவறாகப் பயன்படக்கூடிய மருந்துகளின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பங்கு சரிந்தது, உடனே ஃப்ளோரிடாவில் வழக்கு. ஆனால் பங்குதாரர் வழக்கில் நீதிபதி பார்ப்பது மாத்திரை யார் கைக்குப் போனது என்பதை அல்ல. விற்பனை ஏன் ஏறுகிறது என்று முதலீட்டாளரிடம் சொன்னது பொய்யா, தெரிந்தே சொன்ன பொய்யா, அது வெளிப்பட்டதால்தான் விலை விழுந்ததா, இந்த மூன்றும் வேண்டும். விலை விழுந்தது என்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2005இலேயே சொல்லிவிட்டது.

வேணு:
ராஜி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பங்கு விழுந்தால் ஷார்ட் செல்லருக்கு லாபம். அதற்காக அவர் சொல்வது பொய் என்று ஆகிவிடாது, ஆனால் அதுவே சாட்சியும் ஆகாது. இதே ஃப்ளோரிடாவில் செயின்ட் ஜோ என்ற நிலக் கம்பெனியைப் பற்றி டேவிட் ஐன்ஹார்ன் என்ற ஷார்ட் செல்லர் குறை சொல்லிப் பேசி விலை இறங்கியபோதும் கம்பெனி மீது வழக்கு வந்தது. அவர் காட்டியதெல்லாம் ஏற்கெனவே பொதுவில் இருந்த தகவல்தான், புதிதாக எந்த உண்மையும் வெளிவரவில்லை என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. விளம்பரம் என்பது யார் தேடினாலும் திரையில் தெரிகிற பொருள், அப்படியிருக்கும்போது அறிக்கை "புதிதாக" எதை வெளிப்படுத்தியது? இப்படிப்பட்ட வழக்குகளில் முட்டுக்கட்டை இங்கேதான்.

சாந்தி:
வேறொரு கம்பெனி வழக்கில் எனக்கு அனுபவம் உண்டு, பெயர் வேண்டாம். விலை விழுந்த வாரமே வக்கீல் அலுவலகங்களிலிருந்து "கடைசி நாள் நெருங்குகிறது" என்று மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். பயந்துபோய் இரவெல்லாம் தூங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்த 60 நாள் கெடு முன்னணி வாதியாக, அதாவது எல்லோர் சார்பிலும் வழக்கை நடத்துபவராக, நிற்க விரும்புகிறவருக்கு மட்டும். மற்றவர்கள் சும்மா இருந்தாலும் குழுவில் இருப்பார்கள், சமரசம் ஆனபின் படிவம் நிரப்பினால் போதும். ஆனால் வாங்கிய, விற்ற தேதியும் விலையும் உள்ள ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். நான் தொலைத்துவிட்டு புரோக்கரிடம் 3 மாதம் அலைந்தேன்.

மணியப்பா, டெக்சாஸ்:
சரி, இப்போது புரிகிறது. நன்றி. பங்கு எதுவும் வாங்கவில்லை, மாத்திரைதான் என் பிரச்சினை!

ராஜி, நியூஜெர்சி:
அண்ணா, அதற்கும் ஒன்று. நாய்களின் மூட்டு வலிக்கு டிராமடால் தனியாகப் பெரிய பலன் தரவில்லை என்று 2018இல் ஒரு ஆய்வு வந்தது, கார்புரோஃபென் என்ற வேறொரு வலி மருந்து கொடுத்த நாய்கள் தேறின. மணிக்குச் சிறுநீரகம், ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அதைக் கொடுக்க வேண்டும், டாக்டரிடம் கேளுங்கள்.