சந்தையில் வாங்கிய கீரி நிறப் பெட்டை: பெருவிடையா, பண்ணைக் கலப்பா?

தோட்டத்துவீடு (தாராபுரம் பக்கம்)

வணக்கம். எங்களிடம் சிறுவிடை (சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழி) பெட்டைகள் ஒன்பதும் சேவல் ஒன்றும் இருக்கின்றன. என் மாமியார் காலத்திலிருந்து வரும் வர்க்கம். ரத்தம் நெருங்கிவிடக் கூடாது என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சேவலை மட்டும் அத்தை ஊரில் மாற்றிக்கொள்வேன். போன மாதம் நாய் புகுந்து, அடை நன்றாகப் படுக்கும் இரண்டு பெட்டைகளைக் கொன்றுவிட்டது. அந்த இடத்துக்கு ஒன்று தேடி, வாரச் சந்தையில் இதை 450 ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் "பெருவிடை, இன்னும் முட்டை வைக்காத விடைக்கோழி" என்றார். பெருவிடை என்றால் பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழி.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது. எடை 1 கிலோ 800 கிராம். கீரி நிறம், ஒவ்வொரு இறகிலும் பழுப்பும் கருப்பும் பொடிப்பொடியாகத் தூவியிருக்கிறது. கழுத்தில் பொன் நிறம், வால் கருப்பு. ஒற்றைக் கொண்டை, நிமிர்ந்து ஐந்து பல்லோடு நிற்கிறது. தாடி நன்றாகத் தொங்குகிறது. கால் வெளிறிய மஞ்சள். மேல் அலகின் நுனி மழுங்கியிருக்கிறது, கீழ் அலகு நீண்டிருக்கிறது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. கரையான் புற்றைக் கொத்திக்கொண்டு வந்து போட்டால் எங்கள் கோழிகள் பறந்து வரும். இது பார்த்துக்கொண்டே நிற்கிறது. தட்டைத் தட்டினால் மட்டும் ஓடி வருகிறது. இப்போது மாட்டுக் கொட்டகையில் தனியாகப் பஞ்சாரத்துக்குள் இருக்கிறது. இது என்ன இனம்? கூட்டத்தில் விடலாமா?

சேவல்காடு

கீரி என்றால் பெருவிடைதான் அக்கா. எங்கள் ஊரில் கீரிப் பெட்டை இல்லாத வீடே கிடையாது. தைரியமாக விடுங்கள்.

கரட்டுமேட்டார்

தம்பி, நிறத்தை வைத்து இனம் சொல்லக் கூடாது. செவலை, கீரி, சாம்பல், பொரி எல்லாம் சிறுவிடையிலும் உண்டு, பெருவிடையிலும் உண்டு, பண்ணைக் கலப்பிலும் உண்டு. கருப்பாக இருப்பதெல்லாம் கடக்நாத் என்ற கருங்கோழி ஆகிவிடாது; வாயைத் திறந்து நாக்கு கருத்திருக்கிறதா, இறகை விலக்கினால் தோல் கருத்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். இதற்கும் அப்படித்தான், இறகை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள்.

பெருவிடை அசில் என்ற சண்டைக்கோழி வழி வந்தது. கொண்டை பட்டாணிபோலத் தலையோடு ஒட்டியிருக்கும், தாடி இருப்பதே தெரியாது. கழுத்து நீளம், நெஞ்சை நிமிர்த்தி நிற்கும், கணுக்கால் கனமாக இருக்கும், வால் தாழ்ந்திருக்கும். ஐந்து பல் கொண்டையும் தொங்கு தாடியும் உள்ள கோழியைப் பெருவிடை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிறுவிடைக்கு ஒற்றைக் கொண்டை வரும், ஆனால் பெட்டை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அபூர்வம்.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த அலகில் இருக்கிறது அம்மா. அடைத்து வளர்க்கும் இடத்தில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சிலேயே சூடான தகட்டில் அலகு நுனியை வெட்டுவார்கள். தோட்டத்துக் கோழிக்கு அதைச் செய்ய மாட்டோம், அலகு போனால் அது மண்ணைக் கிளறி எதைத் தின்னும்? அதனால் இது பண்ணையில் வளர்ந்தது. கரையானைத் தெரியாமல் நிற்பதும், தட்டுச் சத்தத்துக்கு ஓடி வருவதும் அதற்குப் பொருந்துகிறது. எந்தப் பண்ணை இனம் என்று பார்வையில் அறுதியிட முடியாது. ஹைதராபாத்தில் உருவான கிராமப்பிரியா, ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் ஃபயூமி பெட்டையையும் சேர்த்து வங்கதேசத்தில் உருவாக்கிய சோனாலி, அசில் கலப்பு என்று பலவும் நம் பக்கம் குஞ்சாக விற்கிறார்கள். பொன் கழுத்தும் பொடி வரியும் சோனாலியை நினைவூட்டுகின்றன, அவ்வளவுதான் சொல்வேன்.

அப்புறம், விடைக்கோழியா என்பதையும் பாருங்கள். ஆசனவாய்க்கு இரு பக்கமும் இருக்கும் எலும்பு முனைகளுக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். முட்டை வைக்காததற்கு ஒரு விரல்தான் நுழையும், வைத்துக்கொண்டிருப்பதற்கு இரண்டு மூன்று விரல் நுழையும். நிறைய முட்டை வைத்தால் காலின் மஞ்சளும் வெளிறும். நீங்கள் சொல்லும் கால் முட்டை வைத்த கோழியின் கால்.

வெள்ளகோவில்_கோழி

இனம் எதுவானாலும் உடனே விடாதீர்கள் அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன். சந்தையிலிருந்து ஒரே ஒரு பெட்டையைக் கொண்டுவந்து அன்றைக்கே விட்டேன். ஐந்தாம் நாள் அது பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. பத்து நாளில் பதினான்கு கோழிகள் போய்விட்டன. வெள்ளைக்கழிச்சல். முதலில் உங்கள் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 8 வாரம் தாண்டியதற்கு வெள்ளைக்கழிச்சலைத் தடுக்கும் ஆர்2பி ஊசி, அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். புதுக்கோழிக்கு மூன்று வாரம் தனி இடம், தனித் தண்ணீர்க் கிண்ணம். உங்கள் கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகு கடைசியாக அதனிடம் போங்கள். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் செள் பூச்சி இருக்கிறதா பாருங்கள்.

கரட்டுமேட்டார்

மூன்று வாரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெட்டை வேறு சேவலோடு சேர்ந்திருந்தால் அந்த வித்து இரண்டு மூன்று வாரம் வரை உடம்புக்குள் உயிரோடு இருக்கும். அதற்குள் வைக்கும் முட்டையை அடைக்கு வைத்தால் யாருடைய குஞ்சு என்று தெரியாது.

தோட்டத்துவீடு

இருபத்து நான்கு நாள் ஆகிவிட்டது, வந்து சொல்கிறேன். மூன்று விரல் தாராளமாக நுழைந்தது. நான்காம் நாளே முட்டை வைத்தது. எங்கள் கோழி முட்டையைவிடப் பெரியது, நல்ல பழுப்பு. மொத்தம் பதினேழு முட்டை. எங்கள் பெட்டை ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு வைத்துவிட்டு அடைக்குக் குறுகும். இதற்கு அந்த நினைப்பே இல்லை. கழிச்சல் இல்லை. செள் இருந்தது, அடுப்புச் சாம்பலில் புரள விட்டேன்.

நேற்று இருட்டியதும் தூக்கிப்போய்ப் பரணில் மற்றவற்றுக்கு நடுவே வைத்தேன். காலையில் இரண்டு கொத்து வாங்கியது, அதோடு சரி. அடைக்கு என்று வாங்கியது அடை படுக்கவில்லை என்பது வருத்தம்தான். ஆனாலும் வைத்துக்கொள்கிறேன். முட்டை நிறத்திலேயே தெரிவதால் இதன் முட்டையைப் பிரித்துச் சமையலுக்கு எடுத்துவிடுவேன், அடைக்கு வைக்க மாட்டேன். அடை படுக்கும் சிறுவிடைப் பெட்டை ஒன்று அத்தை ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கும் இதே பஞ்சாரம், இதே மூன்று வாரம்.

இன்று மத்தியானம் கரையான் போட்டபோது இது முதல்முறையாக ஒன்றைக் கொத்திப் பார்த்தது. மழுங்கிய அலகில் நழுவி விழுந்தது. மறுபடி கொத்தி எடுத்துத் தின்றுவிட்டது.