கொல்லிமலை காதுகுத்து – நம்ம குடும்பம்

கவிதா, 7:42
ஞாயித்துக்கிழமை காரவள்ளில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. மகிழனுக்கு ரெண்டாவது வளைவுலயே பெரட்டிரும். என்ன பண்றதுன்னு சொல்லுங்க.

பெரியப்பா, 7:44
எலுமிச்சம்பழம் ஒண்ணு கையில குடுத்துடு கண்ணு

சாந்தி அத்தை, 7:45
வெறும் வயித்தோட கூட்டியா. ஒண்ணும் வராது

கோமதி சித்தி, 7:53
வெறும் வயிறு வேண்டாங்க அண்ணி. குமட்டல்தான் கூடும், வெளிய வர ஒண்ணுமில்லாம ஓங்கரிச்சுட்டே இருக்கும். மலை ஏறி முடிக்கவே காலைல எட்டு மணி ஆயிரும். ஆறு மணிக்கு ரெண்டு இட்லி, ரசம் தொட்டு ஊட்டு கவிதா. பூரி, நெய், வடை கிட்டயே போகாத. கிளம்பற நேரத்துல டம்ளர் நெறையப் பால் குடுக்கறது இன்னும் மோசம், கொழுப்பு சீக்கிரம் செரிக்காது. வண்டில தண்ணி மட்டும், ஒவ்வொரு மடக்கா.

பிரபு, 7:54
அவனை மடில உக்கார வெக்கப்போற மாமன் நான். என் பேண்ட் பத்திரம்

பெரியப்பா, 7:55
மடியில உக்கார வெக்க மாமன் வேணும், பத்திரிகைல மட்டும் அவன் பேரு கடைசி வரில

செந்தில், 7:55
பெரியப்பா அது அச்சகத்துல மாறிப்போச்சு. விடுங்க

சாந்தி அத்தை, 7:58
கிடா ஒண்ணா ரெண்டா? பெரியண்ணசாமிக்கு நேந்துக்கிட்டது ரெண்டு

கோமதி சித்தி, 8:06
இதைப் படிச்சுட்டு கிடாவுக்குப் போங்க. காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு ‘திரும்பறோம், சாயறோம்’னு மூளைக்குச் சொல்லுது. புள்ள கண்ணுக்குத் தெரியறது முன் சீட்டு முதுகு மட்டும், அது அசையவே இல்ல. ரெண்டு சேதியும் முரண்டறதாலதான் வயித்தைப் பெரட்டுது. அதனால முன் கண்ணாடி வழியா ரோடு தெரியற எடத்துல உக்கார வெக்கணும். ட்ராவலர் வேன்னா டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது வரிசை. கடைசி வரிசை வேண்டவே வேண்டாம், பின் சக்கரத்தைத் தாண்டி இருக்கறதால அதுதான் அதிகம் தூக்கிப் போடும். போன்ல பாட்டு கேக்கலாம், படம் காட்டக்கூடாது.

கவிதா, 8:08
சித்தி அப்ப செந்தில் கார்லயே வந்துரட்டுமா? குழந்தை சீட்டு அதுல மாட்டியிருக்கு

கோமதி சித்தி, 8:10
அதுதான் நல்லது. பெல்ட்டு சரியா மாட்ட முடிஞ்சா பின் சீட்டு நடுவுல வெய்யி. முன் சீட்டுல மடியில வெச்சு மட்டும் வராத, ஏர்பேக் விரிஞ்சா புள்ளையத்தான் நசுக்கும். கார்ல தொங்கற வாசனை டப்பாவைக் கழட்டிரு. மல்லிகைப் பூவை மேல போய் வெச்சுக்கலாம்.

சாந்தி அத்தை, 8:11
பூ இல்லாமயா கோயிலுக்கு வர்றது?

கோமதி சித்தி, 8:14
வாசம் குமட்டலைக் கூட்டும் அண்ணி. பின்னால ட்ராவலர்ல எடுத்துட்டு வாங்க.
செந்தில் மாப்ள, வளைவுக்குள்ள பிரேக் போடாதீங்க. முன்னாடியே வேகத்தைக் குறைச்சு செகண்ட் கியருக்கு வந்து, ஒரே சீரா திருப்புங்க. ஏசி வெளிக்காத்து எடுக்கற மாதிரி இருக்கட்டும்.

பிரபு, 8:15
முள்ளுக்குறிச்சி வழி போனா வளைவு கம்மி

பெரியப்பா, 8:15
சுத்து

செந்தில், 8:16
பாக்கலாம்

சாந்தி அத்தை, 8:19
அரை அவோமின் மாத்திரை குடுத்தா தூங்கிட்டே வந்துருமே

கோமதி சித்தி, 8:27
தயவுசெஞ்சு யாரும் தானா குடுக்காதீங்க. அதுல இருக்கறது ப்ரோமெத்தசின். ரெண்டு வயசுக்குக் கீழ குடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப் போகற ஆபத்து இருக்கு. மகிழனுக்கு ரெண்டு தாண்டியாச்சு, ஆனாலும் எடை பாத்து டாக்டர்தான் அளவு சொல்லணும். சில புள்ளைங்க தூங்காம எதிர்மாறா ஆட்டம் போடும். வாந்திக்குன்னு வீட்ல வெச்சிருக்கற ஒண்டான்செட்ரான் சொட்டு பயண வாந்திக்கு அவ்வளவா கேக்காது.

பெரியப்பா, 8:28
எலுமிச்சம்பழம்?

கோமதி சித்தி, 8:29
மோந்து பாக்கறதுல தப்பில்ல மாமா. கடிக்க விடாதீங்க, விதை புரையேறும்

கவிதா, 8:31
வரப்போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அவனுக்குச் சொல்லத் தெரியாதே

கோமதி சித்தி, 8:40
பேசிட்டே வந்தவன் கப்சிப்னு ஆவான். அடுத்தடுத்து கொட்டாவி, உதட்டைச் சுத்தி வெளுக்கும், வாயில எச்சி ஊறி வழியும், நெத்தி வேர்க்கும். அப்பவே அகலமான எடத்துல ஓரங்கட்டி எறக்குங்க, பத்து நிமிஷம் காத்தாட நிக்கட்டும். மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பா கையோட இருக்கட்டும், மெல்லிசு பிளாஸ்டிக் பை மூக்கை அடைச்சுக்கும். வாந்தி வந்தா முன்னால குனிய வெய்யி, மல்லாத்தாத. பத்து நிமிஷம் வயித்துக்கு ஓய்வு, அப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் தண்ணி. மாத்துத் துணி அவனுக்கு ரெண்டு, உனக்கு ஒண்ணு. சீட்டு பெல்ட்டை ஈரத்துணியால தொடைச்சாப் போதும், சோப்பு, பிளீச்சிங்ல ஊறப்போட்டா நாடா வலுவிழக்கும். மலை எறங்கி வண்டியை விட்டு வந்தும் வாந்தி நிக்கலன்னாலோ, பச்சையா எடுத்தாலோ அது பயண வாந்தி இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

பிரபு, 8:41
சித்தி 👏

சாந்தி அத்தை, 8:43
கிடாவுக்கு யாரும் பதில் சொல்லல

செந்தில், 8:44
ஒண்ணுன்னு அப்பா சொன்னாரு

சாந்தி அத்தை, 8:44
உங்கப்பா எப்பவும் அப்படித்தான்

கவிதா, 8:46
நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டு மருந்து பத்திச் சொல்றேன். காரா ட்ராவலரான்னு ராத்திரிக்குள்ள முடிவு பண்ணுங்க, காது குத்தற ஆசாரியை எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கு

பெரியப்பா, 8:47
காளப்பநாயக்கன்பட்டில டீக்கு நிக்குமா?