வெல்டு வைத்த ஆக்சில் உடைந்துவிட்டது, 62 மி.மீ. குறைக்க வேறு வழி உண்டா?

மாந்தோப்பு_ஜீப்: வணக்கம் அண்ணன்மாரே. காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பு. மாங்காய் ஏற்ற ஒரு பழைய ஜீப், தோப்பை விட்டு வெளியே போகாது. பின்னால் பெரிய வண்டியின் டிஃபரன்ஷியலை (சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) ஹவுசிங்கோடு, அதாவது அதன் கூடும் இருபக்கக் குழாய்களுமாக மாட்டினேன். அகலம் 62 மி.மீ. அதிகம். பட்டறையில் வலது பக்கக் குழாயைக் குறைத்து, அதனுள்ளே சக்கரத்தைச் சுற்றும் தண்டான ஆக்சிலையும் நடுவில் வெட்டி வெல்டு வைத்தார்கள். நாலாம் நாள் லோடோடு மேடு ஏறும்போது 'டக்'. வெல்டு அப்படியே இருக்கிறது, அதை ஒட்டிய இடம்தான் உடைந்தது. உடைந்த வாய் கற்கண்டு மாதிரி மினுங்குகிறது. இதே ஆக்சில் இன்னொன்று பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. எப்படிக் குறைப்பது?

ஓசூர்_லேத்: நடுவில் வெட்டவே கூடாது தம்பி. ஆக்சிலில் கார்பன் கொஞ்சம் அதிகம். வெல்டை ஒட்டிய இடம் சூடாகிச் சட்டென்று ஆறினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். டிஃபரன்ஷியலுக்குள் போகும் உள்முனையை வெட்டி, அங்கே கியரில் பொருந்தும் பல்லைப் புதிதாகப் போட வேண்டும். பல்லின் வெளிவிட்டம் எவ்வளவு? முனையிலிருந்து 62 மி.மீ. தள்ளி, புதுப் பல் வரப்போகிற இடத்தில் தடிமன் எவ்வளவு? வெர்னியர் வைத்துச் சொல்லுங்கள்.

மாந்தோப்பு_ஜீப்: பல் 33.2. அந்த இடம் 30.8தான்ணே.

ஓசூர்_லேத்: அப்போ இதில் பல் விழாது. வெல்டு வைத்து நிரப்பிக் கடைந்து தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள், திரும்ப அதே உடைப்புதான். தடிமனான ஆக்சில் கிடைத்தாலும் பல் எண்ணிக்கையை மட்டும் சொல்லி ஹாப்பிங்குக்கு (மெஷினில் பல் வெட்டுவது) கொடுக்காதீர்கள். பல்லின் கோணமும் பொருந்த வேண்டும், ஆக்சில் பல் போய் உட்காரும் சைடு கியரையே கையோடு கொண்டுபோங்கள். பல் போட்டபின் இண்டக்ஷன் ஹார்டனிங் (மின்சுருளால் சூடாக்கி மேற்பரப்பைக் கடினமாக்குவது) அவசியம். வாங்கும்போது ஓரத்தில் அரம் போட்டு இழுங்கள். வழுக்கினால் சரி, கடித்தால் ஹார்டனிங் ஆகவில்லை.

தர்மபுரி_மெக்கானிக்: இடது ஆக்சிலை யாராவது அளந்தீர்களா? டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத ஹவுசிங் என்றால் ஒரு ஆக்சில் குட்டையாக இருக்கும். நீளமான பக்கத்துக் குழாயைக் குறைத்து, இரண்டு பக்கமும் குட்டை ஆக்சிலையே போட்டுவிடலாம். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சிலில் இப்படித்தான் செய்கிறார்கள். பல் வெட்டும் வேலையே இல்லை.

மாந்தோப்பு_ஜீப்: அளந்தேன். இடது 64 மி.மீ. குட்டை! என் குழாயில் வெட்டியது 62. பரவாயில்லையா?

தர்மபுரி_மெக்கானிக்: பல் சைடு கியருக்குள் 2 மி.மீ. குறைவாகப் பிடிக்கும். பல்லில் மார்க்கர் மை தடவி மாட்டி, கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். மை அழிந்த நீளமும் சைடு கியரின் பல் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போதும். அதைவிட எனக்குக் குழாய் மேல்தான் சந்தேகம். உள்ளே நேர்க்கம்பி கொடுக்காமல் வெல்டு வைத்திருந்தால் கோணிக்கொண்டிருக்கும். ஆக்சிலைக் கையால் தள்ளினாலே பல்லில் போய் உட்கார வேண்டும். அப்புறம், ரோட்டுக்கு எடுக்காதீர்கள். வண்டியை மாற்றி அமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது.

மாந்தோப்பு_ஜீப்: கடைசி அரை அங்குலத்துக்குச் சுத்தியல் தேவைப்பட்டதுண்ணே.

ஓசூர்_லேத்: குழாய் கோணல். புது ஆக்சில் வாங்குவதற்கு முன் ஹவுசிங்கைக் கழற்றுங்கள்.