சிஎன்சி மில்லுக்கு ஸ்டெப்பர் மோட்டார், டிரைவ்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

அரைமில்லி
பெரிய மோட்டார் என்றாலே நல்ல மோட்டார் என்பவர்களுக்காக இது. நண்பர் ஒருவர் மூன்று அச்சிலும் 3 நியூட்டன் மீட்டர் ஹோல்டிங் டார்க் உள்ள நெமா 23 அளவு ஸ்டெப்பர் மாட்டியிருந்தார். டேபிளை நகர்த்தும் பால்ஸ்க்ரூவின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 5 மி.மீ., சப்ளை 24 வோல்ட். மெதுவாக ஓடும்போது கையால் பிடித்து நிறுத்தவே முடியாது. ராபிட்டை (வெட்டாமல் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 2000 மி.மீ.-இல் வைத்தோம், அதாவது வெறும் 400 ஆர்பிஎம். எக்ஸ் அச்சு பாதி தூரம் போய் 'கீய்ங்' என்று கத்தி நின்றுவிட்டது. திரையில் மட்டும் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது: 180, 190, 200... டேபிள் அசையவில்லை. ஓபன் லூப்பில் (மோட்டார் நிஜமாகத் திரும்பியதா என்று சரிபார்க்காத முறை) கண்ட்ரோலருக்கு ஒன்றும் தெரியாது என்று படித்ததுண்டு, கண்ணால் பார்த்தது அன்றுதான். டேட்டாஷீட்டில் இண்டக்டன்ஸ் (சுருளில் கரண்ட் ஏறுவதைத் தாமதப்படுத்தும் குணம்) 10 மில்லிஹென்றி. அதைக் கழற்றி 1.9 நியூட்டன் மீட்டர், 2.5 மில்லிஹென்றி மோட்டார் போட்டதும் அதே 24 வோல்ட்டில் அதே ராபிட் முனகாமல் ஓடியது. ஹோல்டிங் டார்க் என்பது நிற்கும் மோட்டாரின் பலம். நிற்க வைக்கவா மில் கட்டுகிறோம்?

சுருள்கம்பி
மோட்டார் மேல் பழி போடாதீர்கள், குறை சப்ளையில். மில்லிஹென்றி எண்ணின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் அந்த மோட்டாருக்குக் கொடுக்கக்கூடிய உச்ச வோல்டேஜ் தோராயமாக வரும். 10-க்கு நூறு வோல்ட், நீங்கள் கொடுத்தது கால் பங்கு. 2.5-க்கு ஐம்பதே போதும். எட்டு ஒயர் மோட்டார் என்றால் சீரிஸாக இணைத்த சுருள்களைப் பேரலலாக்கினாலே இண்டக்டன்ஸ் நாலில் ஒன்றாகிவிடும், டிரைவில் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) கரண்டை இரட்டிப்பாக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

அரைமில்லி
நாலு ஒயர் ஐயா. எதைப் பேரலல் போட?

துளைமுனை
என் தொல்லையில் டார்க்குக்கு வேலையே இல்லை. ஒரே தகட்டில் வரிசையாகத் துளை. முதல் துளையில் டிரில் அடிப்பலகையைத் தொடவே இல்லை. கடைசி வரிசைக்கு வரும்போது அலுமினியச் சுருளோடு மரத்தூளும் சேர்ந்து வருகிறது! அளந்தால் நூறு துளைக்கு 0.3 மி.மீ. கீழே இறங்கியிருக்கிறது. கேட்ட எல்லோரும் சொன்னது 'பெரிய மோட்டார் போடு'. கடைசியில் பார்த்தால் கண்ட்ரோலர் டிரைவுக்கு அனுப்பும் ஸ்டெப் பல்ஸின் முனை (ஏறும்போதா இறங்கும்போதா எண்ணுவது என்பது) தலைகீழ். திசை மாறும் நேரமும் டிரைவ் பல்ஸை எண்ணும் நேரமும் மோதி, துளைக்கு ஒரு மைக்ரோஸ்டெப் (மோட்டாரின் ஒரு ஸ்டெப்பைப் பிரித்த சிறு துண்டு) காணாமல் போயிருக்கிறது. என் மில்லில் மில்லிமீட்டருக்கு 320 ஸ்டெப், கணக்கு அப்படியே பொருந்துகிறது.

எரிந்தடிரைவ்
பல்ஸ்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? கப்ளிங் திருகு தளர்ந்தாலும் இசட் (மேல்-கீழ் அச்சு) இப்படித்தான் இறங்கும். எனக்கு நடந்தது வேறு: ஓடும்போது மோட்டார் ஒயர் ஒன்று கனெக்டரிலிருந்து நழுவியது, 'பட்' என்று ஒரு சத்தம், டிரைவ் காலி. அதனால் சொல்கிறேன், சப்ளையை அணைத்து டிரைவின் விளக்கு அணைந்த பிறகே மோட்டார் ஒயரில் கை வையுங்கள். 50 வோல்ட் டிரைவுக்கு 48 கொடுக்காதீர்கள். வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி வோல்டேஜை ஏற்றிவிடும், 36 போதும். கேபிள் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். மைக்ரோஸ்டெப்பை 1/32, 1/64 என்று கூட்டினால் துல்லியம் கூடிவிடாது, ஓட்டம்தான் வழவழப்பாகும். மோட்டார் தொட முடியாமல் சுடுகிறது என்று கரண்டைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள், பல மோட்டார்களுக்கு உடம்புச் சூடு 80 டிகிரி வரை அனுமதி உண்டு, டேட்டாஷீட்டைப் பாருங்கள். முடிந்தால் என்கோடர் (மோட்டார் திரும்பியதை அளக்கும் சென்சார்) வைத்த குளோஸ்டு லூப் மோட்டார் வாங்கிவிடுங்கள், ஸ்டெப் தவறினால் அலாராவது அடிக்கும்.

துளைமுனை
கப்ளிங் நழுவினால் இவ்வளவு ஒழுங்காக நழுவாது. அதே புரோகிராமை மறுபடி ஓட்டினேன், அதே 0.3. மேக்3 கண்ட்ரோல் மென்பொருளில் இசட்டுக்கு 'ஸ்டெப் லோ ஆக்டிவ்' டிக்கை மாற்றியதும் நின்றுவிட்டது. திருகில் கையே வைக்கவில்லை. அப்புறம், குளோஸ்டு லூப் இருந்தாலும் இதற்கு அலாரம் அடித்திருக்காது. டிரைவ் எண்ணாத பல்ஸை என்கோடர் எங்கே போய்த் தேடும்?