கிஃப்ட் என்றால் விஷமா, கல்யாணமா? ஸ்காண்டிநேவியாவில் இருப்பவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனிக்கு வந்த புதிதில், நிலவறை அலமாரியில் பழைய தகர டப்பா ஒன்றைப் பார்த்தேன். மேலே மண்டையோடு, கீழே பெரிதாக 'கிஃப்ட்'. யாருக்கோ வாங்கிய பரிசாக்கும் என்று கையில் எடுத்தும் விட்டேன். எலி மருந்து!

ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம். 'கொடு' என்கிற வினையிலிருந்து வந்த சொல்தான். பழைய ஜெர்மனில் கொடை என்றும் பொருள் இருந்தது. வரதட்சணையைக் குறிக்கும் 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (விஷத்துக்கும் வரதட்சணைக்கும் ஒரே வேர். நான் ஒன்றும் சொல்லவில்லை.) டோஸ் என்ற சொல்லுக்கும் கிரேக்க மூலத்தில் 'கொடுப்பது' என்றே பொருள். மருந்தாகக் கொடுத்தது விஷமாகிவிட்டது. நாமும் 'மருந்தைக் குடித்துவிட்டான்' என்றால் பதறத்தானே செய்கிறோம்?

டச்சில் கிஃப்ட் நன்கொடை, விஷம் வேறு சொல். ஆனால் ஸ்வீடிஷ், நார்வேஜியன், டேனிஷ் மூன்றிலும் அதே எழுத்துக்கூட்டலில் விஷமும் உண்டு, 'மணமானவர்' என்பதும் உண்டு!

அடுத்த சனிக்கிழமை இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்: பேச்சில் இரண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறார்களா? இதை வைத்துக் கல்யாண வீடுகளில் கேலி உண்டா? உச்சரிப்பைக் குரல்பதிவாக அனுப்பினால் பெரிய உதவி. அப்புறம், பிள்ளைகளிடம் சொல்லக்கூடிய கேலியாகப் பார்த்து எழுதுங்கள்.